நாடு மாறினால் செட்டிங்ஸ் மாறும்: ஐரோப்பாவில் ஆன்லைன் சூதாட்டம்

இன்டர்நெட்டில் உலவும்போது, பணம் வைத்து ஆட அழைக்கும் பாப்-அப் விளம்பரங்கள் உங்கள் திரையிலும் குதித்திருக்கும். சிலவற்றின் அடியில் சின்ன எழுத்தில் 'மால்டாவில் லைசென்ஸ் பெற்றது' என்று ஒரு வரி இருக்கும். 'அரசாங்கமே அனுமதித்திருக்கிறதே' என்று நினைத்துவிடாதீர்கள். அந்த லைசென்ஸை ஐரோப்பாவிலேயே மற்ற நாடுகள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2021-ல் இன்ஜினியரிங் முடித்து வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த முதல் புராஜக்ட், ஐரோப்பாவில் இயங்கும் ஒரு கேமிங் வெப்சைட். (வீட்டில் 'கேம் சாஃப்ட்வேர்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்!) புரோகிராம் ஒன்றுதான். ஆனால் நாட்டுக்கு நாடு தனித்தனி செட்டிங்ஸ் ஃபைல்.

அதில் ஜெர்மனியின் ஃபைல்தான் நீளம். அங்கே 2021 ஜூலை 1-ல் புதிய விதிகள் அமலுக்கு வந்தன. ஸ்லாட் விளையாட்டில் ஒரு சுற்றுக்கு 1 யூரோவுக்கு மேல் வைக்க முடியாது. ஒரு சுற்று சராசரியாக 5 விநாடியாவது நீடிக்க வேண்டும். தானாகச் சுழலும் ஆட்டோ-ப்ளே கூடாது. எத்தனை வெப்சைட்டில் கணக்கு வைத்திருந்தாலும், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக மாதம் 1,000 யூரோதான் கட்டலாம். இதைக் கணக்குப் பார்க்க அரசிடம் ஒரு மத்திய டேட்டாபேஸ் இருக்கிறது.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 2019 ஜனவரியில் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தபோதே 'ஸ்பெல்பாஸ்' என்ற பட்டியலையும் தொடங்கியது. 'என்னால் நிறுத்த முடியவில்லை, என்னை உள்ளே விடாதீர்கள்' என்று ஒருவர் அதில் பதிவு செய்தால், லைசென்ஸ் பெற்ற எல்லா வெப்சைட்டும் அவருக்குப் பூட்டு. லாகின் செய்யும்போதே வெப்சைட் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கான கோடை எழுதியவன் நான். டெஸ்டிங்கில் ஒரு நாள், பட்டியல் சர்வரிடமிருந்து பதிலே வராதபடி செய்து பார்த்தார்கள். என் புரோகிராம் பத்து விநாடி காத்திருந்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டது! 'சர்வர் கோளாறுக்காக வாடிக்கையாளரை ஏன் தடுக்க வேண்டும்?' என்பது என் நினைப்பு. டீம் லீட் அக்கா கூப்பிட்டுக் கேட்டார்: "பதில் வரலைன்னா உள்ளே விடுறியே, அன்னைக்கு ராத்திரி முதல் ஆளா உள்ளே வர்றது யாருன்னு யோசிச்சியா?" பூட்டைத் தானே கேட்டு வாங்கியவர் எத்தனை முறை கதவைத் தட்டிப் பார்ப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. திருத்தம் ஒரே வரிதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரிட்டன் 2020 ஏப்ரலில், கிரெடிட் கார்டில் சூதாடுவதைத் தடை செய்தது. நார்வேயில் பெரும்பாலானவற்றை அரசு நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங் நடத்தும். வெளிநாட்டு வெப்சைட்டுகளுக்குப் பணம் போவதை வங்கிகள் 2010 முதல் தடுக்கின்றன. 2025 ஜனவரி முதல் டிஎன்எஸ் தடையும் சேர்ந்தது. டிஎன்எஸ் என்பது இன்டர்நெட்டின் டெலிபோன் டைரக்டரி. அதில் நம்பரை மறைத்துவிட்டால் சாதாரணமாக வெப்சைட் திறக்காது. விவரம் தெரிந்தவர்கள் தாண்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் பணத்தை மறிப்பதுதான் பலமான தடை.

ஐரோப்பிய யூனியனுக்கு ஒரே சட்டம் இல்லையா? இல்லை. போர்ச்சுகல் தொடர்பான ஒரு வழக்கில், ஒரு நாட்டின் லைசென்ஸை இன்னொரு நாடு ஏற்க வேண்டியதில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-ல் சொல்லிவிட்டது. ஆஸ்திரியா, ஜெர்மனி ஆட்டக்காரர்கள் தாங்கள் இழந்த பணத்தைக் கேட்டு, சொந்த நாட்டு நீதிமன்றங்களில் மால்டா நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். மால்டா என்ன செய்தது தெரியுமா? அப்படிப்பட்ட தீர்ப்புகளை மால்டா நீதிமன்றங்கள் நிறைவேற்ற மறுக்க வேண்டும் என்று 2023-ல் சட்டமே போட்டது.

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ், ப்ரைவஸி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ் என்று போனால் 'பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' இருக்கும். அதைத் திறந்து, பாப்-அப்களை அனுமதிக்காத ஆப்ஷன் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற வெப்சைட்டுகளின் பட்டியலும் அதே பக்கத்தில் கீழே இருக்கும். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள்.