வீட்டிலேயே செம்பருத்திக் கன்றுகள்

தோட்டத்து வீடுகளின் வாசலுக்கு அழகு தருவனவற்றுள் செம்பருத்திக்குத் தனி இடம் உண்டு. பூசைக்கும் அதுவே மலர். வேலிக்கும் அதுவே செடி. மலாய் மொழியில் புங்கா ராயா எனப்படும் இம்மலர் 1960-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் தேசிய மலராகவும் விளங்கி வருகிறது. அதன் ஐந்து இதழ்களும் 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிப்பனவாகும்.

பந்திங் வட்டாரத்தில் இரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. வேறு சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டுத் தாமானுக்கோ அடுக்குமாடி வீட்டுக்கோ குடிபெயரும் குடும்பம், கட்டிலையும் அலமாரியையும் லாரியில் ஏற்றிவிடலாம். பாட்டி வைத்த செம்பருத்தியை வேரோடு பெயர்த்துச் செல்வதோ எளிதன்று. வேர் அறுபட்ட பெருஞ்செடி வாடிப்போகக் கூடும். ஆயினும் அச்செடியை இழந்துவிட்டோமே என வருந்த வேண்டியதில்லை. ஒரு சாண் நீளமுள்ள கிளை இருந்தால் போதும்.

விதையால் இதனைச் செய்ய இயலாதா என்று கேட்கலாம். நம் வீட்டுச் செம்பருத்தியில் விதை பிடிப்பது அரிது. பிடித்தாலும் தாய்ச்செடியின் நிறமும் வடிவும் அப்படியே வருமென்று சொல்வதற்கில்லை. கிளையிலிருந்து எழும் கன்றோ தாய்ச்செடியின் குணங்களையே கொண்டிருக்கும்.

இரப்பர்த் தொழிலாளருக்கு இது புதிய செய்தியன்று. நல்ல மரத்தின் கண்ணை எடுத்து இளங்கன்றில் ஒட்டுக் கட்டுவதும் இதற்காகவே. சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தில் உருவான பி.பி. 86 என்னும் இனம், புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 இனத்தின் பெற்றோருள் ஒன்றாகும். அத்தோட்டம் இருந்த நிலத்தில் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்துள்ளது. தோட்டம் மறைந்தாலும், அங்குத் தோன்றிய இனத்தின் வழித்தோன்றல்கள் மறையவில்லை.

முதிர்ந்த இரப்பர் மரத்தின் கிளை எளிதில் வேர் விடாது. ஆதலால் ஒட்டுக் கட்ட நேர்கிறது. செம்பருத்திக்கு அத்தொல்லை இல்லை. மரஞ்சீவும்போது காயம் படாமல் நாம் காத்து வருகின்ற, பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளர்படை செம்பருத்தியிலும் உண்டு. வெட்டிய கிளையில் அப்பகுதியை ஒட்டியே புதிய வேர்கள் புறப்படுகின்றன.

இனிச் செய்முறையைக் காண்போம். காலை வேளையில், பூச்சியோ நோயோ இல்லாத செடியிலிருந்து பென்சில் பருமனுள்ள கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மிக இளந்தளிராகவும் இருத்தலாகாது. முற்றிய கட்டையாகவும் இருத்தலாகாது. கூரிய, தூய்மையான கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, 15 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டாக்குக. மொட்டுகளையும் கீழ் இலைகளையும் நீக்கிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குக. வேரில்லாத கிளை நீரை உறிஞ்ச இயலாத நிலையில், இலைகள் நீரை வெளிவிட்டுக் கொண்டே இருக்குமாதலால் இவ்வாறு செய்கிறோம்.

அடியில் துளையிட்ட மைலோ டின்னில் மணலும் மக்கிய தேங்காய் நாரும் கலந்து நிரப்பி, இரண்டு கணுக்கள் புதையுமாறு ஊன்றுக. களைக்கொல்லி வந்த கலன்களை இதற்கென வீட்டுக்குக் கொண்டுவருதல் கூடவே கூடாது. டின்னை நிழலில் வைத்து, தெளிவான பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, மண் ஈரமாக மட்டும் இருக்குமாறு பார்த்துக்கொள்க. சேறானால் தண்டு அழுகிவிடும். நான்கு முதல் ஆறு வாரங்களில் பொதுவாக வேர் பிடிக்கும். ஒன்றிரண்டு பட்டுப்போகலாம், ஆகவே ஐந்தாறு துண்டுகளை ஒருசேர நடுவது நலம்.

சிலர் கிளையை நீர் நிறைந்த போத்தலில் வைப்பதுண்டு. அதிலும் வேர் வரும். ஆனால் தேங்கிய நீரில் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது முழுக் கொசுவாகிவிடும். வீட்டில் கொசுப் புழுக்கள் காணப்பட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டம் விதிக்கவும் இடமுண்டு. ஆகையால் மண்ணில் நடுவதே சிறந்தது. டின்னுக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நீர் தேங்க விடலாகாது.

புதுத்தளிர் விட்ட கன்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, பிறகு நிலத்தில் நடலாம். பந்திங்கின் கடலோரக் களிமண்ணில் நீர் விரைவில் வடியாது; அங்கு மண்ணை மேடாக்கி, மக்கிய உரம் கலந்து நடுவது நல்லது. அடுக்குமாடி வீட்டில் வெயில் படும் இடத்தில் பெரிய தொட்டியே போதுமானது. புதுக்கிளைகளிலேயே பூ மலர்வதால் அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டும். வெண்ணிற மாவுப்பூச்சி கண்டால், அப்பகுதியை வெட்டியெறிந்து சோப்பு நீர் தெளிக்கலாம்.

வீடு மாறும் நாள் தெரிந்தவுடனேயே, குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பாக, இப்பணியைத் தொடங்கிவிட வேண்டும். லாரி வந்து நிற்கும் நாளில் வெட்டிய கிளை வழியிலேயே வாடிவிடக் கூடும். முன்கூட்டியே வேர் பிடித்த கன்றோ குடும்பத்தோடு புது வீட்டுக்கு வந்து, பழைய வாசலில் பூத்த அதே பூவை அங்கும் பூக்கும். அண்டை வீட்டாருக்கும் ஒரு கன்று கொடுத்து வையுங்கள்; ஒன்று பட்டாலும் மற்றொன்று நிலைக்கும்.