ஐயுறவும் ஆய்வும்: ஒரு பாப்பிரஸ் துண்டின் வரலாறு

வேதநூல் ஆய்வில் ஐயுறவுக்கு இடமுண்டோ எனும் வினா நம் மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம்.

2012 செப்டம்பர் 18 அன்று, ரோமாபுரியில் கூடிய கோப்தியவியல் மாநாட்டில், ஹார்வர்டு பேராசிரியை கேரன் கிங் உள்ளங்கையளவுத் துண்டொன்றைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். இயேசு தம் மனைவியைக் குறித்துப் பேசுவதாக அதில் கோப்திய மொழியில் எழுதியிருந்தது. இயேசு மணமானவர் என்பதற்கு இது சான்றன்று எனக் கிங் தெளிவாகவே உரைத்தார். பரபரப்பில் அவ்வெச்சரிக்கை மறைந்துபோயிற்று. சில நாள்களுக்குள், அதன் தொடர்கள் தோமா சுவிசேஷத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை எனப் பிரான்சிஸ் வாட்சன் வாதிட்டார்.

2014இல் வெளியான சோதனை, தாள் ஏறத்தாழ 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினது என்றது. தாள் பழையதாயின் எழுத்தும் பழையதாகுமோ? பழந்தாளில் இன்றும் எழுதலாமே! அதே உரிமையாளரிடமிருந்து வந்த, அதே கையெழுத்துடையதெனத் தோன்றிய யோவான் சுவிசேஷத் துண்டைக் கிறிஸ்டியன் ஆஸ்கலண்ட் ஆராய்ந்தார். 1924இல் அச்சான ஒரு பிரதியின் வரிகளை, ஒன்றுவிட்டு ஒன்றாக, வரி முறியும் இடமும் மாறாமல் அது பின்பற்றியிருந்தது. அதன் கிளைமொழியோ அத்தாளின் காலத்துக்கு முன்னரே வழக்கிழந்தது.

நம்மவரிற் சிலர் முதல் நாளிலேயே ‘பொய்’ என்றனர். அவர்தம் முடிவு சரியாயிற்று. ஆயினும் அது வெறுப்பின் பயனேயன்றி ஆய்வின் பயனன்று. அத்துண்டு நம் கொள்கைக்கு உவப்பாயிருந்திருப்பின், அவர்கள் வரிகளை எண்ணிப் பார்த்திருப்பார்களோ?

2016இல் கிங், சான்றுகள் போலியென்னும் பக்கமே சாய்கின்றன என ஒப்புக்கொண்டார். ரோமாபுரியில் வாசித்த நாளிலேயே துண்டின் படத்தையும் கட்டுரை வரைவையும் யாவரும் காண வெளியிடச் செய்திருந்தார். வாட்சன் அதனைச் சோதிக்க முடிந்தது அதனாலேயே.