பாசிவ் பேட்ச் ஆன்டெனா: பேட்டரியை மிச்சம் பிடிக்க முடியுமா?

பேட்டரியில ஓடுற டிராக்கர் ஒண்ணு செய்யறேன், ஜிபிஎஸ்-க்கு ஆக்டிவ் ஆன்டெனா வேணுமா, பாசிவ் போதுமான்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆக்டிவ்ல ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கும். அது 10 மில்லிஆம்பியர் இழுத்தா, நாள் முழுக்க ஓடினா 240 மில்லிஆம்பியர்-மணி காலி. 1000 பேட்டரிக்கு அதுவே நாலு நாள் கணக்கு. பாசிவ் கரண்ட்டே எடுக்காது. அது வெறும் பீங்கான் வில்லை, மேல வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான்.

முதல்ல சைஸ். ஜிபிஎஸ் எல்1 அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். பேட்ச் அதுல பாதி இருக்கணும், அதாவது 9.5 சென்டிமீட்டர். ஆனா கடையில கிடைக்கிறது 25 மில்லிமீட்டர் சதுரம்! பீங்கானுக்குள்ள அலை சுருங்கிடும், அதான் காரணம். மின்கடத்தா மாறிலி 20-ன்னா, அதோட வர்க்கமூலம் அளவுக்கு, கிட்டத்தட்ட நாலரை மடங்கு சுருங்கும். இதுக்கு விலையும் உண்டு: ஆன்டெனா பிடிக்கிற பட்டை குறுகிடும். பிளாஸ்டிக் மூடி வில்லையை ஒட்டி உட்கார்ந்தாலே டியூனிங் கீழே நகரும். அதனால சில வில்லைகளை வேணும்னே கொஞ்சம் மேல டியூன் பண்ணி விக்கறாங்க.

இப்போ முக்கியமான விஷயம். சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. நம்மகிட்ட வந்து சேர்ற சிக்னல், ஒரு வாட்டை நூறு கோடி கோடியா பிரிச்சா அதுல ஒரு துண்டு, அந்த அளவுதான். மெல்லிய கேபிள் ஒரு மீட்டர் போட்டா 2, 3 டெசிபல் போயிடும். 3 டெசிபல்னா பாதி. 'ரிசீவர்ல பெருக்கிக்கலாமே'ன்னு கேப்பீங்க. பெருக்கலாம், கூடவே இரைச்சலும் பெருகும். முதல் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாடி தொலைஞ்சது தொலைஞ்சதுதான். ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனா பக்கத்துலயே வைக்கறது இதுக்குத்தான்.

அப்போ கேபிளே இல்லைன்னா? வில்லையும் ரிசீவரும் ஒரே போர்டுல, நடுவுல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் டிரேஸ், மாட்யூலுக்குள்ள ஆம்ப்ளிஃபையர். இங்க பாசிவ் தாராளமா போதும். ஆனா வில்லைக்குக் கீழே செம்புத் தளம் வேணும். டேட்டாஷீட் எண்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் சதுரத் தளத்துல அளந்தது. உங்க போர்டு 30 மில்லிமீட்டர்னா அந்த கெயினை எதிர்பார்க்காதீங்க. வில்லை வானத்தைப் பார்க்கணும், உலோகப் பெட்டி கூடவே கூடாது. பெட்டி உலோகம்தான்னா ஆன்டெனா வெளியே, கேபிள் உள்ளே. அப்போ ஆக்டிவ்தான், வேற வழியில்லை. ரிசீவர் தூங்கும்போது அதோட சப்ளையையும் நிறுத்திட்டா பேட்டரி தப்பிக்கும்.

இன்னொண்ணு. நாவிக் வேணும்னா கவனிங்க. 2023-ல ஏவின என்விஎஸ்-01-க்கு முந்தின நாவிக் சாட்டிலைட்டுகள் எல்1-ல பேசாது. அதுக்கு 1176.45 மெகாஹெர்ட்ஸ் எல்5 வேணும். எல்1 வில்லைக்கு அது காதுலயே விழாது.