சின்னப் பண்ணைக்கு எந்த அளவு டிராக்டர்?

"நாலைந்து ஏக்கர் வைத்திருக்கிறேன். ஒரு சின்ன டிராக்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை எச்.பி. வாங்கட்டும்?" இந்தக் கேள்வி இப்போது ஊருக்கு ஊர் கேட்கிறது. கேட்பதில் ஆச்சரியம் இல்லை. உழவு மாடு குறைந்துபோச்சு, ஆள் கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இந்த அளவு நிலத்துக்கு 45 எச்.பி. வண்டி எதற்கு? ஆனால் 15 போதுமா, 24 வேண்டுமா என்பதில்தான் குழப்பம்.

வண்டி விற்பவர் முதலில் கேட்பது எத்தனை ஏக்கர் என்று. நான் கேட்பது வேறு. உங்கள் நிலத்தில் மாசம் தவறாமல் வருகிற வேலை எது? அந்த வேலைக்கு வாடகை வண்டி வருமா, வராதா?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றால், நம்மில் பலர் கோடை உழவை மனசில் வைத்துத்தான் வண்டியின் அளவை முடிவு செய்கிறோம். காய்ந்து இறுகிய மண்ணில் ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்க 35 முதல் 45 எச்.பி. வேண்டும். சட்டிக் கலப்பைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த வண்டி மணிக்கு முக்கால் ஏக்கருக்குக் குறையாமல் உழுதுவிடும். அஞ்சு ஏக்கரை இரண்டு சால் ஓட்டினாலும் இரண்டு பகலுக்குள் வேலை முடிந்தது. வருஷத்தில் அந்த இரண்டு பகலுக்காகப் பெரிய வண்டி வாங்குவதா? அதை வாடகைக்கு ஓட்டிக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு எந்த ஊரிலும் வண்டி கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்குத் தருகிறார்கள்.

வாடகை வண்டி வராத வேலைகள்தான் நம்மைத் திண்டாட வைக்கிறவை. வாழைக்கு இடையே களை ஓட்டுவது, தென்னைக்கு நடுவே புல் மடக்குவது, முப்பது சென்ட் வயலில் சேறு கலக்குவது, மருந்து அடிப்பது. துண்டு துண்டான வேலைக்குப் பெரிய வண்டிக்காரர் வரமாட்டார். வந்தாலும் நாள் தள்ளி வருவார்; அதற்குள் களை முழங்கால் வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொட்டியம், முசிறிப் பக்கம் காவிரிக்கரையில் ஒருவருக்கு அஞ்சு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் நெல், இரண்டு ஏக்கர் வாழை, ஒரு ஏக்கர் தென்னை. வாழை ஆறடிக்கு ஆறடி. கன்று பருத்து நின்றால் இரண்டு வரிசைக்கு நடுவே வண்டி போக மிஞ்சுவது அஞ்சடிதான். இரண்டு பக்கமும் அரை அடியாவது விட வேண்டும். ஆக, நாலடிக்கு மேல் அகலமான வண்டி உள்ளே நுழையக் கூடாது. 45 எச்.பி. வண்டி அஞ்சரை, ஆறடி அகலம் இருக்கும். அது வரப்போடு நிற்க வேண்டியதுதான். 15 முதல் 24 எச்.பி. வரையுள்ள சின்ன வண்டிகளில் மூன்றரை, நாலடி அகலத்தில் கிடைக்கின்றன. வாங்கப் போகிற அன்று கையில் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். பின் டயரின் வெளிவிளிம்பிலிருந்து மறு டயரின் வெளிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். புகைக்குழாய் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் வாழை இலையைக் கிழிக்கும், பொசுக்கும். கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்த வண்டி தோட்டத்துக்கு நல்லது.

அடுத்தது ரோட்டவேட்டர். டயர் பதிகிற அகலத்தையும் சேர்த்து மூடுகிற அளவில் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னே போகிற டயர் மிதித்த தடம் உழப்படாமல் அப்படியே கிடக்கும். மூணடி ரோட்டவேட்டருக்கு 15 முதல் 20 எச்.பி., நாலடிக்கு 24 முதல் 28 எச்.பி. என்பது பழகிய கணக்கு. ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். விளம்பரத்தில் போடுவது என்ஜினின் குதிரைத் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பின்னால் இருக்கிற பி.டி.ஓ. தண்டு. அங்கே வந்து சேருவது நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்குதான். 20 எச்.பி. என்றால் தண்டில் 16, 17 கிடைக்கும். "பி.டி.ஓ.வில் எவ்வளவு?" என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் வண்டிகளைச் சோதித்து அறிக்கை தருகிறது. தண்டுத் திறன், டீசல் செலவு, தூக்கும் எடை எல்லாம் அதில் இருக்கும். விற்பவரிடம் அந்த அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி மணிக்கணக்கு. மூணடி ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போனால், திருப்புகிற நேரம் போக, ஒரு ஏக்கருக்கு இரண்டரை மணி பிடிக்கும். நம்ம காவிரிக்கரைக்காரருக்கு நெல்லில் இரண்டு போகம், போகத்துக்கு இரண்டு சால்: 20 மணி. வாழையில் முதல் நாலைந்து மாசத்துக்குள் மூன்று முறை: 15 மணி. அதற்குமேல் வாழைக்குள் ஓட்டாதீர்கள், வேர் மேலாகவே பரவியிருக்கும். தென்னையில் மரத்தடியை ஆறடி விட்டுவிட்டு மூன்று முறை: ஏழெட்டு மணி. மருந்தடிப்பும் டிரெய்லர் வேலையும் சேர்த்து ஒரு 50 மணி. எப்படி இழுத்தாலும் நூறு மணிக்குள்தான் வருகிறது.

இந்த நூறு மணியைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். டிராக்டர் வருஷத்துக்கு 1000 மணி ஓடும் என்று வைத்துத்தான் நிபுணர்கள் அதன் தேய்மானத்தைக் கணக்கிடுகிறார்கள். நாம் ஓட்டப்போவது பத்தில் ஒரு பங்கு. நாலு லட்சம் கடன், அஞ்சு வருஷத் தவணை என்று வைத்துக்கொண்டால் அசல் மட்டும் வருஷத்துக்கு 80,000 ரூபாய். நூறு மணிக்கு வகுத்தால் மணிக்கு 800 ரூபாய். வட்டி, டீசல், டயர், ரிப்பேர் எல்லாம் இதற்குமேல். இதே ஆள் ஏழு லட்சம் கடனில் பெரிய வண்டி எடுத்தால் வருஷத்துக்கு 1,40,000. வாழைக்குள் அது போகாததால் மணியும் குறையும். அறுபது மணி ஓடினால் மணிக்கு 2,300 ரூபாய்க்கு மேல் ஆச்சு. தவணை தவறினால் வண்டி மட்டுமா போகும்? நிலத்தின் பேரிலும் அடமானம் எழுதியிருந்தால் நிலத்துக்கும் ஆபத்து. ஒரு போகம் வெள்ளத்திலோ காற்றிலோ போனாலும் தவணை நிற்காது.

ஆகவே அஞ்சு ஏக்கர் மட்டும் ஒரு வண்டியைக் காப்பாற்றாது, சின்ன வண்டியாக இருந்தாலும் சரி. அக்கம்பக்கத்து வாழைத் தோட்டங்களில் வாடகைக்கு ஓட்டி முந்நூறு, நானூறு மணி சேர்த்தால் தாங்கும். பெரிய வண்டிக்காரர் நுழைய முடியாத இடத்துக்குத்தான் நீங்கள் போவதால் வேலை கிடைக்கும். அதற்கும் நேரமில்லை, ஓட்ட ஆளும் இல்லை என்றால் வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். மூன்று ஏக்கருக்குக் கீழே, அதுவும் நெல்தான் முக்கியம் என்றால் பவர் டில்லரை யோசியுங்கள். பின்னாலேயே நடக்க வேண்டும், கை அதிரும், உடம்பு அலுக்கும். ஆனால் கடன் பாரம் குறைவு.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 45 எச்.பி. வண்டி இரண்டு டன் அளவில் இருக்கும். சின்ன வண்டிகள் பெரும்பாலும் 600 கிலோவிலிருந்து 1,100 கிலோவுக்குள். ஈர மண்ணில் கனமான வண்டி திரும்பத் திரும்ப ஓடினால் உழுகிற ஆழத்துக்குக் கீழே மண் இறுகித் தட்டுப்பிடிக்கும். நெல்லுக்கு அது தண்ணீர் நிறுத்த உதவும். ஆனால் அதே வயலில் நெல்லுக்குப் பிறகு வாழை வைக்கிறீர்களே, அப்போது வேர் இறங்காது, மழைத் தண்ணீரும் வடியாது.

எடை குறைவதிலும் சங்கடம் உண்டு. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற சின்ன வண்டி சேற்றில் வழுக்கிச் சுற்றும். நெல் உண்டு என்றால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பாருங்கள். விலை கூடுதல்தான்; ஆனாலும் மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க இன்னொரு வண்டி தேட வேண்டாம். ஆழச் சேறான களி மண்ணில் அதுகூடத் திணறும். அங்கே கேஜ் வீல் போட்ட வண்டியை வாடகைக்குக் கூப்பிடுவதே லாபம்.

கரும்போ தாரோ ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து சரிவில் இறங்கும்போது லேசான வண்டியை டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளிவிடும். விற்பவர் சொல்கிற இழுவை எடை சமதளச் சாலைக்கானது. கரையேறி இறங்க வேண்டியவர்கள் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் வண்டியை உங்கள் வயலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைத்தெருவில் ஓட்டிப் பார்ப்பது பரீட்சை ஆகாது. காய்ந்த நிலத்தில் பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு டயர் பத்துச் சுற்று சுற்றும்போது எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து முளை அடியுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே அதே பத்துச் சுற்று. முன்பு 100 அடி போனது இப்போது 85, 90 அடி போனால் வண்டியும் கலப்பையும் பொருத்தம். 80-க்கும் கீழே வந்தால் டயரும் டீசலும் வீணாகிறது என்று அர்த்தம். ஒரு கொத்தைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஐந்து கொத்துக்கு 20 எச்.பி.யாவது இருப்பது நல்லது.

மெக்கானிக்கும் உதிரி பாகமும் எத்தனை மைலில் கிடைக்கும் என்று அந்த வண்டி வைத்திருக்கிறவரிடமே விசாரியுங்கள். மானிய விவரத்தை வட்டார வேளாண்மைப் பொறியியல் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள். மானியப் பட்டியலில் இல்லாத மாடலுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு அலுவலகத்துக்கு நடந்து பயன் இல்லை.