உங்களுக்குத் தெரியுமா? சனிக்கிழமை ஏறி வெள்ளிக்கிழமை இறங்கலாம்!

தென் பசிபிக்கின் குக் தீவுகளில் பெரியது ராரோடோங்கா. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயல் பயமும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் குளிருக்குத் தப்பி வரும் நியூசிலாந்துக்காரர்கள் கூட்டம். அறை வாடகையும் ஏறிவிடும். இரண்டிலும் சிக்காத மாதங்கள் மே, அக்டோபர். என்னைக் கேட்டால் அக்டோபர்தான். ஜூலையில் வந்த கூனல் திமிங்கிலங்கள் அதற்குள் முழுவதும் கிளம்பியிருக்காது. அதிர்ஷ்டமிருந்தால் கரையிலிருந்தே பார்க்கலாம்.

தீவைச் சுற்றிக் கடலோரச் சாலை ஒன்று, 32 கிலோமீட்டர். அதில் ஒரு பேருந்து கடிகாரச் சுற்றில் போகும், இன்னொன்று எதிர்ச்சுற்றில். பேருந்துகளின் பெயரே அதுதான்! மாறி ஏறினாலும் மோசமில்லை, ஊரைச் சுற்றிப் பார்த்தபடி போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு. சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து சுமார் நான்கு மணி நேர விமானப் பயணம். நடுவே சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுவதால், சனிக்கிழமை காலை ஏறுகிறவர் வெள்ளிக்கிழமை இறங்குவார். விமானச் சீட்டிலுள்ள புறப்படும் தேதியை வைத்து அறை பதிவு செய்தால் முதல் இரவுக்கு அறை இருக்காது. இறங்கும் தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.