கால் குடைச்சலும் பரணில் கிடக்கும் குழவியும்

"படுத்தா கால் குடையுது. எந்திரிச்சு நடந்தா சரியாப் போகுது. திரும்பப் படுத்தா மறுபடியும் குடையுது." ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சிறுநீரக நோயாளி இப்படிச் சொன்னால், பட்டாசு ஆலையில் நாளெல்லாம் உட்கார்ந்து பார்த்த வேலையின் அலுப்பு என்று வீட்டார் தைலம் தேய்த்துவிடுவார்கள். அலுப்பு என்றால் படுத்ததும் குறைய வேண்டும். இதுவோ படுத்தால்தான் கூடுகிறது.

இதற்கு ஓய்வற்ற கால் நோய் என்று பெயர். 1945இல் சுவீடன் மருத்துவர் எக்பாம் இதை விரிவாக எழுதினார். டயாலிசிஸ் செய்துகொள்வோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது இருக்கிறது. வேதனை காலில், கோளாறின் வேர் மூளையில். அது எப்படி நடக்கிறது என்பதை நம் அடுப்படியில் வைத்தே பார்க்கலாம்.

அம்மியும் குழவியும்

கால்களை அமைதியாக வைத்திருப்பதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மூளை அரைத்தெடுக்கும் மசாலா என்று வைத்துக்கொள்வோம். டைரோசின் என்ற அமினோ அமிலம் மிளகாய், மல்லி. அதை மாற்றும் நொதி அம்மி. இரும்புச்சத்து குழவி. குழவி மசாலாவில் கரைந்துபோவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் சாமான் எல்லாம் அம்மியில் அப்படியே கிடக்கும். டோபமைனின் வேலை இயல்பாகவே மாலைக்கு மேல் இறங்கும். குழவியும் இல்லையென்றால் இராச்சாப்பாட்டுக்கு அரைத்தது பற்றாது. பகலில் சும்மா இருந்த கால் இரவில் குடைவது இதனால்தான்.

பரண் சாவி

உடம்பில் இரும்பே இல்லையா? பல நேரம் இருக்கிறது, சேமிப்பு என்னும் பரணில் பூட்டிக் கிடக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின்தான் பூட்டும் சாவி. சிறுநீரகம் பழுதானால் ஹெப்சிடின் வெளியேறாமல் தேங்கும். அழற்சி இருந்தால் இன்னும் கூடும். குடல் வழியாக இரும்பு நுழையும் வாசலையும் அதே சாவி பூட்டுவதால் பலருக்கு மாத்திரை ஏறுவதில்லை. இரத்தக்குழாய் வழியாக ஊசி போட வேண்டியிருக்கிறது. இரும்புக்காக முருங்கைக்கீரையை அள்ளிச் சாப்பிடுவதும் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பையே குலைக்கும்.

ஃபெரிட்டின் சோதனை பரணில் உள்ள இருப்பைக் காட்டும். டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விகிதம் பரணிலிருந்து கீழே இறங்கி வரும் இரும்பைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இலையில் விழாமல் தடுப்பவை

அரைத்த மசாலா போட்டுக் குழம்பு வைத்தும் அது இலைக்கு வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு டோபமைனை மறிக்கும். அரிப்புக்குப் போடும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் குடைச்சலைக் கூட்டலாம். வாந்தியும் அரிப்பும் சிறுநீரக நோயாளிகளுக்கு வழக்கமாக வருபவை என்பதால் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

கவனம் வேண்டிய இடம்

டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரமும் கையில் ஊசியோடு அசையாமல் கிடக்க வேண்டும். குடைச்சல் தாங்காமல் பாதியில் கழற்றச் சொல்வோர் உண்டு. அப்படிச் செய்தால் கழிவு உடம்பிலேயே தங்கும். செவிலியரிடம் சொல்லுங்கள், காலை நீட்டி மடக்குவதும் கெண்டைக்காலைப் பிசைவதும் உதவும். கபாபென்டின் போன்ற மருந்து பலருக்குக் கேட்கும். ஆனால் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. அளவு கூடினால் மயக்கமும் தள்ளாட்டமும் வரும். பக்கத்துப் படுக்கைக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு பலருக்கு இந்தத் தொல்லை அடங்கிவிடுகிறது.

டாக்டரிடம் "தூக்கம் வரல" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்ப நேரலாம். நான்கையும் சொல்லுங்கள்: காலை அசைக்கத் தோன்றுகிறது, சும்மா இருந்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது, இரவில் அதிகம். நோயை அடையாளம் காண இந்த நான்குதான் முதல் ஆதாரம். அதைத் தர உங்களால் மட்டுமே முடியும்.