இசைச் சந்தாவிற் சிக்கனம்

இசை கேட்டலை வீண்செலவென்று கூற யாம் முற்படவில்லை. பகல் முழுதும் பாடங் கேட்டுக் களைத்த மாணாக்கர்க்கு இரவில் ஒரு நல்ல பாட்டு மருந்தினை ஒக்கும். ஆயினும், அம்மருந்திற்கு விலை கொடுப்போர் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம்முட் பலர் செலவிடுவது தாம் ஈட்டிய பொருளன்று. வீட்டிலிருந்து வரும் பணமே. ஆதலின், கைப்பேசியின் வாயிலாக இசை வழங்கும் செயலிகளின் சந்தாவினை நேரிய முறையிற் குறைத்துக்கொள்ளும் வழிகளை ஈண்டு ஆராய்வோம்.

இக்கட்டுரைக்கு ஏதுவாயது எமது தவறே. சென்ற ஆண்டு ஒரு செயலியின் இலவசச் சோதனைக் காலத்திற் சேர்ந்தோம். அது முடியும் நாளை மறந்தோம். மூன்று மாதத் தொகை வங்கிக் கணக்கினின்று கழிந்த பின்னரே அறிந்தோம். அத்திங்கள் விடுதி உணவுக் கட்டணத்திற்குப் பணம் போதாமையால் வீட்டிற் கேட்க நேர்ந்தது. எந்தையார் காரணம் வினவாமலே அனுப்பினார். வினவியிருப்பின் இத்துணை வருந்தியிரோம்.

முதற்கண், சந்தா என்பது யாதென அறிதல் வேண்டும். இசைத்தட்டோ ஒலிநாடாவோ வாங்கினார்க்கு அஃது உடைமையாயிற்று. இக்காலச் சந்தாவோ வாடகையை ஒத்தது. செயலியிற் பதிவிறக்கி வைத்த பாடல்களும் சந்தா நின்றபின் ஒலியா. மேலும், திங்கட்கணக்கிற் சிறிதாய்த் தோன்றுவது ஆண்டுக்கணக்கிற் பெரிதாகும். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவிற்கு வந்தபொழுது அதன் மாதச் சந்தா 119 ரூபாய்; அவ்வீதம் ஓராண்டிற்கு 1,428 ரூபாயாகும். அதன்பின் கட்டணங்கள் மாறியுள்ளன. இவ்வாறு பன்னிரண்டாற் பெருக்கிப் பார்க்கும் வழக்கம் மட்டும் நமக்கு என்றும் வேண்டும்.

இனி, வழிகளுள் முதலாவது, பொருள் கொடாமலே கேட்டல். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூட்யூப் மியூசிக் ஆகியவற்றை விளம்பரங்களுடன் இலவசமாய்க் கேட்கலாம். விளம்பர வருவாயினின்றும் பாடல் உரிமையாளர்க்குப் பங்கு செல்லுதலின் இதிற் களவு யாதுமில்லை. அன்றியும், ஆகாசவாணியின் நிலையங்களை நியூஸ்ஆன்ஏர் செயலியிற் கட்டணமின்றிக் கேட்கலாம். செவ்விசை விழைவார்க்கு அதன் ‘ராகம்’ ஒலிபரப்பு 2016 முதல் நடைபெறுகின்றது.

இரண்டாவது, மாணவர் சந்தா. ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் உயர்கல்வி பயில்வார்க்கு ஏறத்தாழப் பாதி விலையிற் சந்தா அளிக்கின்றன. கல்லூரி மாணவரென மெய்ப்பித்தல் வேண்டும். ஆயின் இச்சலுகை நான்காண்டிற்கு மேற் செல்லாது. பி. ஏ. மூன்றாண்டும் எம். ஏ. ஈராண்டும் கூட்டின் ஐந்தாகும். ஆதலின் சலுகைக் காலத்தையும் பணத்தைப் போலவே எண்ணிச் செலவிடுக. கோடை விடுமுறையிற் சந்தாவை நிறுத்தி, கல்லூரி திறந்தபின் மீண்டுஞ் சேரலாம். ஸ்பாட்டிஃபையில் நாம் தொகுத்த பாடற் பட்டியல்கள் அதனால் அழியா.

மூன்றாவது, குடும்பச் சந்தா. ஆப்பிள் மியூசிக்கிலும் யூட்யூப் மியூசிக்கிலும் அறுவர் வரை ஒரு சந்தாவிற் சேரலாம்; தலைக்கு வரும் தொகை மிகக் குறையும். ஆனால் யூட்யூப் விதி, அனைவரும் ஒரே வீட்டில் வாழ்தல் வேண்டுமென்பது. வேற்றூரில் வேலை பார்க்கும் எம் தமையனார், “என் முகவரியையே எழுதிக்கொள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” என்றார். ஒருவரும் பாரார் என்பது மெய்யே. எனினும் சில ரூபாய்க்காகப் பொய்ம் முகவரி எழுதுதல் சிக்கனமாகாது என்று மறுத்தோம். வேற்று நாட்டினர்போற் காட்டிக் குறைந்த விலையிற் சேர்தலும், திருத்திய போலிச் செயலிகளைப் பயன்படுத்தலும் இவ்வினத்தனவே. பின்னதனாற் கைப்பேசியிலுள்ள செய்திகள் பிறர் கையிற் சிக்குதலும் கூடும்.

நான்காவது, இரட்டைச் செலவை ஒழித்தல். யூட்யூப் பிரீமியம் சந்தாவினுள்ளே யூட்யூப் மியூசிக் பிரீமியமும் அடங்கும். அஃதறியாது இரண்டிற்குங் கொடுப்பாரும் உளர். கைப்பேசி ரீசார்ஜ் திட்டங்கள் சிலவற்றோடு இசைச் சந்தா சேர்ந்தே வருதலும் உண்டு. புதிதாய்ச் சேருமுன் இவற்றை ஆராய்க.

ஐந்தாவது, நாளைக் குறித்து வைத்தல். சோதனைக் காலத்திற் சேர்ந்த அன்றே, அது முடிதற்கு இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டு மணி வைத்தல் நலம். தானே கழியும் தவணைக்கு 24 மணி நேரம் முன்னரே வங்கி அறிவிப்பு அனுப்புதல் வேண்டுமென்னும் ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எமக்கும் அவ்வறிவிப்பு வந்திருந்தது. விளம்பரமென்று எண்ணிப் படியாது விட்டோம். ஆண்டுச் சந்தா மாதச் சந்தாவினும் மலிவாயினும், ஆய்ந்தே சேர்க. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024 இல் மூடப்பட்டதை நினைவிற் கொள்க.

இவ்வாண்டு யாம் வகுப்பு நடக்குந் திங்கள்களில் மாணவர் சந்தாவும், விடுமுறையில் இலவசமுமாய்க் கேட்டு வருகின்றோம். செலவைக் குறிப்பேட்டில் எழுதுகின்றோம். இசையிற் குறைவு யாதுங் கண்டிலோம். தோழர்களும் இன்றிரவே தத்தம் வங்கிக் கணக்கினைத் திறந்து, எந்தச் சந்தா தம்மை அறியாமற் கழிகின்றதென்று ஒருமுறை பார்ப்பாராக.